தென்கோடி நிலம் பட்டகோனியா

உலகப் படத்தில் தென் அமெரிக்காவைப் பாருங்கள். மேலே அகன்றும் கீழே செல்லச் செல்லக் குறுகியும் அக்கண்டம் காட்சியளிக்கும். அது குறுகி முடிகின்ற தென்பகுதிக்குப் பட்டகோனியா என்று பெயர். இந்நிலப்பகுதி அர்ஜென்டினா, சிலி ஆகிய இரு நாடுகளிலும் பரவிக் கிடக்கிறது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 10 லட்சம் சதுரக் கிலோமீட்டர். அதாவது நம் மலேசியாவைப் போல் மூன்று மடங்கு.

பரப்பு பெரிதாயினும் அங்கு வாழும் மக்கள் மிகக் குறைவு. எடுத்துக்காட்டாக, சிலி நாட்டின் ஐசேன் வட்டாரம் சரவாக் மாநிலத்தைவிடச் சற்றே சிறியது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மட்டுமே. கணக்கிட்டால், ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஒருவர்தாம் வருவார். மணிக்கணக்கில் வாகனத்தில் சென்றாலும் ஒரு வீட்டைக்கூடக் காண முடியாத சாலைகள் அங்கு உண்டு.

இவ்வளவு தொலைவில், கடுங்குளிரும் பெருங்காற்றும் நிறைந்த இவ்விடத்தை நாடி ஆண்டுதோறும் பல நாட்டுப் பயணிகள் செல்கின்றனர். அங்கே வானளாவிய கோபுரங்கள் இல்லை, பேரங்காடிகள் இல்லை, கேளிக்கைப் பூங்காக்களும் இல்லை. மனிதன் மாற்றியமைக்காத இயற்கையே அங்குள்ள ஈர்ப்பு. ஆனால், அந்த இயற்கை தானாகவே காக்கப்பட்டு வருவதன்று. அதனைக் கெடுத்தவர்களும் உண்டு, மீட்டெடுத்தவர்களும் உண்டு. பட்டகோனியாவின் சிறப்புகளை அறியும்போது இவ்விரு செய்திகளையும் சேர்த்தே அறிவது நல்லது.

மலாக்காவுடன் ஒரு தொடர்பு

பட்டகோனியா நமக்கு முற்றிலும் தொடர்பில்லாத நிலம் அன்று. போர்ச்சுகீசியர்கள் 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய படையெடுப்பில் பெர்டினான்ட் மகெல்லன் என்ற வீரரும் இருந்தார். அவர் மலாக்காவிலிருந்து ஓர் இளைஞரை அடிமையாக அழைத்துச் சென்றார். வரலாற்று ஏடுகள் அவ்விளைஞரை என்ரிக்கே என்று குறிப்பிடுகின்றன. ஹாருன் அமினுர்ரஷிட் எழுதிய ‘பங்லிமா அவாங்’ என்னும் மலாய்ப் புதினத்தின் நாயகர் இவரே.

பின்னர் மகெல்லன் ஸ்பெயின் அரசரின் ஆதரவைப் பெற்று, 1519ஆம் ஆண்டில் ஐந்து கப்பல்களுடன் புறப்பட்டார். மேற்குத் திசையாகச் சென்று கிழக்கத்திய நறுமணப் பொருள் தீவுகளை அடைவதே அவர் நோக்கம். மொழிபெயர்ப்பாளராக என்ரிக்கேயும் உடன் சென்றார். தென் அமெரிக்காவின் கடற்கரையை ஒட்டியே சென்ற அக்கப்பல்கள் பட்டகோனியாவில் குளிர்காலத்தைக் கழித்தன. அங்கு உயரமான உடலமைப்புடைய மக்களைக் கண்ட மாலுமிகள் அவர்களைப் ‘பட்டகோன்கள்’ என்று அழைத்தனர். அதுவே அந்நிலத்தின் பெயராயிற்று.

1520ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கப்பல்கள் ஒரு நீரிணையின் வாயிலை அடைந்தன. வளைவும் நெளிவும் பாறையும் நிறைந்த அவ்வழியைக் கடக்க அவற்றுக்கு 38 நாள் ஆனது. நவம்பர் 28ஆம் நாள் மூன்று கப்பல்கள் மட்டுமே மறுபுறம் உள்ள பெருங்கடலில் நுழைந்தன. ஒரு கப்பல் முன்னரே உடைந்துபோனது. மற்றொன்று பாதி வழியிலேயே ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டது. ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி இன்று மகெல்லன் நீரிணை எனப்படுகிறது. 1914இல் பனாமாக் கால்வாய் திறக்கப்படும்வரை இரு பெருங்கடல்களையும் இணைத்த முக்கியக் கப்பல் வழிகளுள் இதுவும் ஒன்றாக இருந்தது.

இன்று அந்நீரிணையின் கரையில் புந்தா அரேனாஸ் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து படகில் சென்று, மாலுமிகள் கண்ட அதே குன்றுகளையும் கரும்பச்சைக் காடுகளையும் பயணிகள் காணலாம். மலாக்காவிலிருந்து சென்ற ஒருவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழியைக் கடந்தார் என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தியாகும்.

காற்றும் மலையும்

பட்டகோனியாவின் இயல்பை முடிவு செய்பவை இரண்டு. ஒன்று காற்று, மற்றொன்று ஆண்டிஸ் மலைத்தொடர்.

பூமியின் தென்பாதியில் 40 பாகை முதல் 60 பாகை வரையிலான அகலாங்குகளில் நிலப்பரப்பு மிகக் குறைவு. மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்க அங்கே மலையுமில்லை, காடுமில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் கடலைக் கடந்து வரும் அக்காற்று முதலில் மோதும் பெரிய நிலம் பட்டகோனியாதான். கோடைக்காலத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று வீசுவது அங்கு வழக்கம். மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து, கொடிபோல் வளைந்து வளர்ந்திருக்கும். புந்தா அரேனாஸ் நகரில் பலத்த காற்று வீசும் நாள்களில், மக்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்காகத் தெருவில் கயிறு கட்டுவதும் உண்டு.

ஈரம் நிறைந்த இக்காற்று ஆண்டிஸ் மலையில் மோதி மேலெழும்போது குளிர்கிறது. குளிர்ந்த நீராவி மழையாகவும் பனியாகவும் பொழிகிறது. ஆகவே, மலையின் மேற்குப் பக்கத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்கிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்குப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. அங்கு ஆண்டு முழுவதும் 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. இதனை மழை மறைவுப் பகுதி என்று புவியியலில் படித்திருப்போம். மேற்கே அடர்ந்த மழைக்காடும், நடுவே பனி மூடிய சிகரங்களும், கிழக்கே முடிவின்றி விரியும் வறண்ட புல்வெளியும் ஒரே நிலப்பகுதியில் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

நகரும் பனி

மலையின் உச்சியில் ஆண்டுதோறும் விழும் பனி முழுவதும் உருகுவதில்லை. ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காகக் குவிந்து, தன் எடையாலேயே அழுந்தி, கெட்டியான பனிக்கட்டியாக மாறுகிறது. இப்படி உருவான தென் பட்டகோனியப் பனிப்பரப்பு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளமுடையது. துருவப் பகுதிகளுக்கு வெளியே உள்ள மிகப் பெரிய பனிப்பரப்புகளுள் இதுவும் ஒன்று. இதிலிருந்து பல பனியாறுகள் பள்ளத்தாக்குகளில் மெல்ல மெல்ல வழிந்து இறங்குகின்றன.

அவற்றுள் புகழ்பெற்றது அர்ஜென்டினாவில் உள்ள பெரிட்டோ மொரேனோ பனியாறு. இது 30 கிலோமீட்டர் நீளமுடையது. பரப்பளவில் பினாங்குத் தீவைவிடச் சற்றே சிறியது. ஏரியில் வந்து முடியும் இதன் முகப்பு 5 கிலோமீட்டர் அகலமும், நீருக்கு மேல் ஏறத்தாழ இருபது மாடிக் கட்டடத்தின் உயரமும் கொண்டது. பனிக்கட்டி என்றால் வெண்மையாகத்தானே இருக்க வேண்டும்? இங்கோ அது ஆழ்ந்த நீல நிறத்தில் ஒளிர்கிறது. நன்கு அழுந்திய பனிக்கட்டி ஒளியிலுள்ள சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொண்டு நீல நிறத்தை வெளியே விடுவதால் இவ்வாறு தோன்றுகிறது.

எதிர்க்கரையில் அமைக்கப்பட்டுள்ள நடைபாதைகளில் நின்று பயணிகள் இதனைக் காண்கின்றனர். திடீரென இடி இடித்தாற்போல் ஓசை எழும். முகப்பிலிருந்து ஒரு பெரும் பகுதி பெயர்ந்து நீரில் விழும். சில ஆண்டுகளில் பனியாறு முன்னேறி வந்து எதிர்க்கரையையே தொட்டுவிடும். அப்போது ஏரியின் ஒரு பகுதி அணை கட்டியதுபோல் அடைபட்டு, நீர்மட்டம் உயரும். நீரின் அழுத்தம் தாங்காமல் பனிச்சுவரில் சுரங்கம்போல் ஓட்டை விழுந்து, இறுதியில் அது உடைந்து சரியும். 2004, 2012, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் இந்நிகழ்வு நடைபெற்றது.

பட்டகோனியாவின் பெரும்பாலான பனியாறுகள் புவி வெப்பமடைவதால் பல ஆண்டுகளாகச் சுருங்கி வருகின்றன. பெரிட்டோ மொரேனோ மட்டும் நெடுங்காலம் நிலையாக இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அதுவும் பின்வாங்கத் தொடங்கியுள்ளதை அறிவியலாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

மூன்று கோபுரங்கள்

சிலி நாட்டுப் பகுதியில் அனைவரையும் ஈர்ப்பது டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்கா. 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 1,800 சதுரக் கிலோமீட்டர். ஸ்பானிய மொழியில் ‘டோரஸ்’ என்றால் கோபுரங்கள். ‘பைனே’ என்பது அந்நிலத்தின் பூர்வகுடியினரான தெவெல்சே மக்களின் மொழியில் நீல நிறத்தைக் குறிக்கும் சொல் என்பர். பெயருக்கேற்ப, மூன்று கருங்கல் தூண்கள் செங்குத்தாக வானை நோக்கி எழுந்து நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் பச்சை கலந்த நீல நிறத்தில் ஒரு சிறிய ஏரி உள்ளது.

ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் உருகிய நிலையில் இருந்த பாறைக்குழம்பு மேலெழுந்து, படிவுப் பாறைகளுக்கிடையே புகுந்து உறைந்தது. பின்னர் வந்த பனியாறுகள் மேலிருந்த மென்மையான பாறையை அரித்தெடுத்தன. கடினமான கருங்கல் மட்டும் தூணாக எஞ்சியது. அருகிலுள்ள ‘கொம்புகள்’ என்னும் சிகரங்களின் உச்சியில், அரிக்கப்படாத பழைய பாறை இன்னும் கறுப்புத் தொப்பிபோல் அமர்ந்திருக்கிறது.

இப்பூங்காவைக் காண நடைப்பயணமே சிறந்த வழி. ஆங்கில எழுத்து ‘டபள்யூ’ வடிவில் அமைந்த பாதையை நடந்து முடிக்க நான்கைந்து நாளாகும். ஒரே நாளில் வெயில், மழை, பனித்தூவல், சூறைக்காற்று ஆகிய நான்கையும் சந்திக்க நேரிடலாம். அர்ஜென்டினாப் பக்கத்தில் உள்ள எல் சால்டேன் என்ற சிற்றூரும் நடைப்பயணிகளின் விருப்பத்திற்குரிய இடம். அதற்கு மேலே 3,405 மீட்டர் உயரமுள்ள ஃபிட்ஸ் ராய் மலை நிற்கிறது. அதன் உச்சியில் எப்போதும் மேகம் சூழ்ந்திருப்பதால், பூர்வகுடியினர் அதனைப் ‘புகையும் மலை’ என்ற பொருளில் சால்டேன் என்று அழைத்தனர்.

நிலத்திலும் கடலிலும்

பட்டகோனியப் புல்வெளியில் அடிக்கடி காணப்படும் விலங்கு குவனாக்கோ. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்குத் திமில் இல்லை. குவனாக்கோவை வேட்டையாடி வாழ்வது பூமா. வானில் காண்டோர் என்னும் பெருங்கழுகு வட்டமிடும். அதன் விரிந்த சிறகுகளின் நீளம் 3 மீட்டரையும் தாண்டும். அவ்வளவு பெரிய உடலைச் சிறகடித்தே தூக்கிச் செல்வது கடினம். எனவே, மலைச்சரிவில் மேலெழும் காற்றில் மிதந்தபடியே அது நெடுந்தொலைவு செல்கிறது.

மலைக்காடுகளில் வெமுல் என்னும் மான் வாழ்கிறது. சிலி நாட்டின் தேசியச் சின்னத்தில் காண்டோருடன் இடம்பெற்றுள்ள விலங்கு இதுவே. உலகில் இப்போது 2,000க்கும் குறைவான வெமுல் மான்களே எஞ்சியுள்ளன. நம் நாட்டுச் சின்னத்தில் இரு புலிகள் இருக்கின்றன. நம் காடுகளிலோ 150க்கும் குறைவான புலிகளே உள்ளன. சின்னத்தில் பொறித்துப் போற்றும் விலங்கைக் காட்டில் காப்பாற்றத் தவறும் நிலை இரு நாடுகளுக்கும் பொதுவாகிவிட்டது.

கிழக்குக் கடற்கரையில் வால்டேஸ் தீபகற்பம் உள்ளது. ஜூன் முதல் டிசம்பர் வரை தென்பகுதித் திமிங்கிலங்கள் குட்டி ஈனுவதற்காக அங்கு வருகின்றன. மெதுவாக நீந்துவதாலும், இறந்த பின் மூழ்காமல் மிதப்பதாலும் இவை ஒரு காலத்தில் பெருமளவில் வேட்டையாடப்பட்டன. 1984ஆம் ஆண்டில் அர்ஜென்டினா இவற்றை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது. இன்று உரிமம் பெற்ற படகுகளில் மட்டுமே சென்று இவற்றைக் காண முடியும். வேட்டைப் படகுகள் சென்ற கடலில் இப்போது பார்வையாளர்களின் படகுகள் செல்கின்றன.

மகெல்லன் நீரிணையில் உள்ள மக்தலேனா தீவில் பென்குயின்கள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. பார்வையாளர்கள் கயிறு கட்டிய பாதையை விட்டு விலகக் கூடாது. பாதையின் குறுக்கே பென்குயின் நடந்து சென்றால், அது கடக்கும்வரை மனிதர்தாம் நின்று வழிவிட வேண்டும்.

வெற்று நிலம் அன்று

பட்டகோனியாவை ஆளில்லாத நிலம் என்று சிலர் வருணிப்பதுண்டு. அது சரியன்று. பிந்துராஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் ‘கைகளின் குகை’ என்றோர் இடம் உள்ளது. அங்குள்ள பாறைச் சுவரில் நூற்றுக்கணக்கான கைகளின் வடிவங்கள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகிய நிறங்களில் பதிந்துள்ளன. கையைப் பாறையில் வைத்து, எலும்புக் குழாயால் வண்ணத்தை ஊதி அவற்றை உருவாக்கினர். குழாயை வலக்கையில் பிடித்தனர் போலும், பெரும்பாலானவை இடக்கைகளே. அவற்றுள் மிகப் பழையவை 9,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. 1999ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்குகையை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது.

அக்கைகளுக்கு உரியவர்களுக்குப் பின்னும் தெவெல்சே, செல்க்னாம், யாகான், கவேஸ்கர் முதலிய மக்கள் இந்நிலத்திலும் கடலிலும் வாழ்ந்து வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர்கள் இங்கு ஆட்டுப் பண்ணைகளை அமைத்தனர். வேலிகள் எழுந்தன, பூர்வகுடியினரின் வேட்டை நிலம் பறிபோனது. செல்க்னாம் மக்கள் பலர் கொல்லப்பட்டனர். வெளியிலிருந்து வந்த நோய்களாலும் பலர் மடிந்தனர். யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி கிறிஸ்தினா கால்டெரோன் 2022ஆம் ஆண்டில், தம் 93ஆம் வயதில் காலமானார். அவர் தம் பேத்தியுடன் சேர்ந்து அம்மொழிச் சொற்களைத் தொகுத்து வைத்துச் சென்றார்.

நம் தாமான் நெகாராவில் பாத்தேக் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். நாம் காடு என்று காணச் செல்லும் இடம் மற்றவர்க்கு வீடு. இதனை மறவாதிருப்பது பயணியின் முதல் பண்பாகும்.

சிறு பொறி, பெருந்தீ

டோரஸ் டெல் பைனே பூங்காவில் நடந்து செல்வோர் ஓரிடத்தில் பசுமை முடிந்து, சாம்பல் நிறத்தில் மொட்டை மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்பர். அவை பட்டுப்போன மரங்கள்.

1985, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் அப்பூங்காவில் மூன்று பெருந்தீ மூண்டது. ஒவ்வொரு தீயும் 10,000 ஹெக்டருக்கும் அதிகமான நிலத்தை எரித்தது. மூன்றுக்குமே இயற்கை காரணமன்று. மனிதரின் கவனக்குறைவே காரணம். 2005ஆம் ஆண்டில், தடைசெய்யப்பட்ட இடத்தில் ஒரு பயணி சமையலுக்காகப் பற்றவைத்த சிறிய எரிவாயு அடுப்பு கவிழ்ந்தது. காற்று அந்நெருப்பைப் புல்லுக்குக் கொண்டு சென்றது. அதன்பின் எவராலும் அதனை உடனே அடக்க முடியவில்லை. சட்டப்படி அப்பயணி செலுத்திய அபராதம் மிகச் சிறிய தொகை. அவருடைய நாட்டு அரசு பின்னர் மரக்கன்றுகள் நடும் பணிக்கு உதவியது. 2011ஆம் ஆண்டு இறுதியில் மூண்ட தீ 17,000 ஹெக்டருக்கும் அதிகமான நிலத்தை அழித்தது. அது புத்ராஜெயாவைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான பரப்பு.

காடு மீண்டும் வளராதா என்று நாம் கேட்கலாம். நம் நாட்டில் வெட்டிய இடத்தில் சில மாதங்களிலேயே புதர் மண்டிவிடும். பட்டகோனியாவில் நிலைமை வேறு. அங்குள்ள காடுகளில் மிகுதியாகக் காணப்படும் மரம் லெங்கா. தென்பட்டகோனியாவில் மின்னல் அரிது. ஆதலால், தீயைத் தாங்கிப் பிழைக்கும் இயல்பு அம்மரத்திற்கு வாய்க்கவில்லை. எரிந்த அடிமரத்திலிருந்து அது மீண்டும் துளிர்ப்பதில்லை. அதன் விதைகளும் தாய்மரத்திற்கு அருகிலேயே விழும். பெரும் பரப்பு எரிந்துவிட்டால், நடுப்பகுதிக்கு விதை சென்று சேர்வதே இல்லை. குளிரும் குறுகிய கோடையும் வளர்ச்சியை மேலும் தாமதப்படுத்துகின்றன. கன்று ஒன்று முழுமரமாக நூறாண்டுக்கு மேலாகும். ஒரு வேளை உணவைச் சூடாக்க எடுத்துக்கொண்ட சில நிமிடங்களின் விளைவைப் பல தலைமுறைகள் சுமக்க வேண்டியிருக்கிறது.

வேலிகள் அகன்ற கதை

கெடுத்தவர்களைப் பற்றி மட்டும் கூறி முடித்தால் அது நேர்மையன்று. 1903ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ மொரேனோ என்ற ஆய்வாளர், அரசு தமக்குப் பரிசாக அளித்த நிலத்தில் ஒரு பகுதியை நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார். அதன் இயற்கை அழகு மாறாமல் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் விதித்த வேண்டுகோள். அதுவே அர்ஜென்டினாவின் முதல் தேசியப் பூங்காவுக்கு வித்தாயிற்று. பெரிட்டோ மொரேனோ பனியாற்றின் பெயர் அவரை நினைவுகூர்கிறது. ‘பெரிட்டோ’ என்றால் வல்லுநர் என்று பொருள்.

அண்மைக் காலத்தில் டக்ளஸ் டோம்ப்கின்ஸ், கிறிஸ்டின் டோம்ப்கின்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இத்தகைய பணியில் ஈடுபட்டனர். 2004ஆம் ஆண்டில் சிலி நாட்டின் சக்கபூக்கோ பள்ளத்தாக்கில் இருந்த ஒரு பெரிய ஆட்டுப் பண்ணை வாங்கப்பட்டது. அளவுக்கு மீறிய மேய்ச்சலால் அங்குப் புல் அற்று, மண் வெளியே தெரிந்தது. ஆடுகள் விற்கப்பட்டன. பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி வேலிகளைத் தொண்டூழியர்கள் கையாலேயே அகற்றினர். வேலியில் சிக்கி மாண்டுகொண்டிருந்த குவனாக்கோக்கள் தடையின்றித் திரியத் தொடங்கின. புல்லும் மெல்லத் தழைத்தது.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் இருந்தது. அயல்நாட்டவர் இவ்வளவு நிலத்தை வாங்குவது ஏன் என்று உள்ளூர் மக்கள் ஐயுற்றனர். ஆடு வளர்ப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் தங்கள் வாழ்வும் வழக்கமும் மறைந்துவிடுமோ என்று கவலைப்பட்டன. அக்கவலை நியாயமானதே. பண்ணையில் வேலை செய்தவர்களுள் சிலர் பூங்காக் காவலர்களாயினர். பூமாவைச் சுட்டு வந்தவர்களுக்கு, அதே பூமாவின் தடத்தைப் பின்தொடர்ந்து ஆராய்வது புதிய தொழிலாயிற்று. டக்ளஸ் 2015ஆம் ஆண்டில் படகு விபத்தில் உயிரிழந்தார். கணவரின் மறைவுக்குப் பின் கிறிஸ்டின் அப்பணியைத் தொடர்ந்தார். 2018ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டர் நிலம் சிலி அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசும் தன் நிலத்தைச் சேர்த்துப் புதிய தேசியப் பூங்காக்களை அமைத்தது, பழையவற்றை விரிவாக்கியது.

செல்வோர் அறிய வேண்டியவை

பட்டகோனியாவுக்குச் செல்ல ஏற்ற காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அங்கு டிசம்பர் மாதம் கோடைக்காலம். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகலையே அறிந்த நமக்கு ஒன்று வியப்பாக இருக்கும். உலகின் தென்கோடி நகரமெனப்படும் உசுவாயாவில் டிசம்பர் மாதப் பகல் 17 மணி நேரம் நீளும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோடை என்றாலும் குளிராடையும் காற்றைத் தாங்கும் மேலாடையும் இன்றிச் செல்லக் கூடாது.

டோரஸ் டெல் பைனேயின் நெடும்பாதைகளில் நடப்போர் தங்குமிடங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விறகு மூட்டித் தீ வளர்க்க எங்குமே அனுமதியில்லை. அடுப்பைக் குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே பயன்படுத்தலாம். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். கைகளின் குகையில் வழிகாட்டியுடன் மட்டுமே நடக்கலாம். சுவரைத் தொடக் கூடாது. இவை பயணியின் மகிழ்ச்சியைக் குறைக்கும் கட்டுப்பாடுகளாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால், அடுத்து வருபவரும் அதே காட்சியைக் காண வேண்டும் என்பதற்காக எழுந்த விதிகளே இவை. நம் நாட்டின் கினபாலு மலையிலும் வழிகாட்டியின்றி ஏற முடியாது. நாளொன்றுக்கு ஏறுவோரின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அதற்கும் காரணம் இதுவே.

பட்டகோனியாவில் கலஃபாத்தே என்ற முட்செடி வளர்கிறது. அதன் கருநீலப் பழத்தை உண்டவர் மீண்டும் அந்நிலத்துக்கு வருவார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. திரும்பி வருபவர் காண்பதற்கு அங்கே லெங்கா மரமும் நீலப் பனியும் வெமுல் மானும் இருக்க வேண்டும். அவை இருக்குமா என்பது முதல்முறை சென்றவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் பொறுத்தது.